சவக்காலையிற் போர்வீரர்: ஸ்பூன் றிவர் தொகுதி குறித்து ஒரு சமூகவியல் நோக்கு

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லூயிஸ்ரவுன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரின் ஓக் ஹில் சவக்காலையில் உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட வீரருக்கென எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில், பழைய நீதிமன்றக் கட்டடமொன்றின் தூண்கள் நிறுத்தப்பட்டுள்ளன. 1858ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 17ஆந் திகதி ஆபிரகாம் லிங்கன் அக்கட்டடத்தின் முன் உரையாற்றியபோது அத்தூண்களுக்கிடையே நின்றார் என்பர். 1894இற் கட்டடம் தீக்கிரையாயிற்று. எஞ்சிய தூண்கள் சவக்காலைக்குக் கொண்டுவரப்பட்டன. சட்டத்தின் வாயிலில் நின்ற தூண் சாவின் வாயிலில் நிற்கும் இக்காட்சி, அவ்வூரில் இளமையைக் கழித்த கவிஞரொருவரின் படைப்பை விளங்கிக்கொள்வதற்குப் பொருத்தமான தொடக்கமாக எமக்குத் தோன்றுகிறது. அக்கவிஞர் எட்கார் லீ மாஸ்ரர்ஸ் (1868 - 1950). படைப்பு, 1915இல் நூலுருப் பெற்ற 'ஸ்பூன் றிவர் தொகுதி'.

கற்பனைச் சிற்றூரொன்றின் குன்றிலே புதைக்கப்பட்டோர், ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் கல்லறையிலிருந்து பேசுவதே இந்நூலின் அமைப்பாகும். இருநூறுக்கு மேற்பட்ட குரல்கள் இதிற் கேட்கின்றன. அவற்றுட் போர்வீரர் குரல்கள் எண்ணிக்கையிற் சிலவே. ஆயினும் நூலின் கருத்துநிலையையும், அதன் வலிமையையும், அது தட்டுத்தடுமாறும் இடத்தையும் இச்சில குரல்களே தெளிவாகக் காட்டுகின்றன என்பது எமது துணிபு. 'கிராமத்திற்கு எதிரான கலகம்' என்று கார்ள் வான் டோரன் 1921இற் சூட்டிய பெயரை ஒப்புவித்துக்கொண்டு இந்நூலைக் கடந்துசெல்வோர் இக்குரல்களைச் செவிமடுப்பது குறைவு. மாஸ்ரர்ஸின் கலகம் கிராமத்தின் மீதானதன்று; கிராமத்தை ஆண்டோரின் மீதானது. இவ்வேறுபாடு சிறியதன்று.

முதலில் நினைவுச்சின்னம் என்னும் நிறுவனத்தைப் பற்றிச் சில சொற்கள். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டில், 1866இல், வடதரப்பு முன்னாட் படைவீரர் சங்கமாகிய 'குடியரசின் பெரும்படை' இலினோயின் டிகேற்றர் நகரிலேயே தொடங்கப்பட்டது. அதன் தலைவரும் இலினோய்க்காரருமான ஜோன் லோகன், மே 30ஆந் திகதி கல்லறைகளுக்கு மலரிடுமாறு 1868இற் கட்டளையிட்டார். அதனைத் தொடர்ந்து, சவக்காலையிலோ ஊர்ச் சதுக்கத்திலோ கற்படைவீரன் ஒருவன் நிற்காத ஊர் அரிது என்னும் நிலை வடக்கிலே உருவாயிற்று. துக்கம் மெய்யானது, அதனை நாம் ஐயுறவில்லை. ஆனால் துக்கத்திற்கு ஒரு சந்தையும் இருந்தது. கனெற்றிக்கற் மாநிலத்தின் பிரிட்ஜ்போட்டிலிருந்த வார்ப்புத் தொழிலகமொன்று, 'வெண் வெண்கலம்' என விளம்பரப்படுத்திய துத்தநாகத்திற் படைவீரர் சிலைகளை வார்த்து, விலைப்பட்டியல் வழியாக ஊரூராக விற்றது. இடுப்புப்பட்டையின் எழுத்து முதலியவற்றைச் சற்று மாற்றினால் வடக்கிற்கு வார்த்த வீரன் தெற்கிற்கும் உதவினான். நாட்டுப்பற்று பண்டமான வரலாற்றில் இது குறிக்கத்தக்க ஓர் இடமாகும்.

மாஸ்ரர்ஸ் தொழிலாற் சட்டத்தரணி. தந்தையும் லூயிஸ்ரவுனிற் சட்டத்தரணியே. சிக்காகோவில் 1903 முதல் 1911 வரை கிளாரன்ஸ் டறோவின் பங்காளராக இருந்தவர். 1914இல் உணவகப் பணிப்பெண்களின் வேலைநிறுத்தத்திற் சங்கத்தின் பக்கம் நின்று வழக்காடியவர். அதே ஆண்டிலேயே 'வெப்ஸ்ரர் போட்' என்னும் புனைபெயரில் இக்கவிதைகள் சென் லூயிஸ் நகரின் 'றீடிஸ் மிறர்' இதழில் வெளிவரலாயின. இதழாசிரியர் றீடி இவருக்குப் படிக்கத் தந்த கிரேக்கத் தொகைநூலே வடிவத்திற்குத் தூண்டுதல். அத்தொகையில் இறந்தோர் வழிப்போக்கரை விளித்துப் பேசுவர். போரில் மாண்டவன் பேசும்போது, அவன் வாயினூடாக நகர அரசே பேசும். தனது கட்டளைக்குப் பணிந்து மாண்டதைத் தானே வியந்துகொள்ளும். மாஸ்ரர்ஸ் இவ்வடிவத்தை எடுத்துத் தலைகீழாக்கினார். அவருடைய இறந்தோர் தம்மேல் நாட்டப்பட்ட கல்லை மறுத்துப் பேசுகின்றனர். உருவத்தில் நிகழ்ந்த இம்மாற்றம் வெறும் உத்தி அன்று. கல்லை நாட்டுவோரும் கல்லின் கீழ்க் கிடப்போரும் ஒரே சமூகமாக இருந்த நிலை கழிந்து, இரு வர்க்கங்களாகிவிட்ட நிலையையே உருவம் பதிவுசெய்கிறது.

நோல்ற் ஹோஹைமர் இதற்குத் தக்க சான்று. இவன் மிஷனறி றிட்ஜ்ப் போரில் (1863 நவம்பர்) முதலில் வீழ்ந்தோருள் ஒருவன். கேள் ட்ரெனறி என்பானின் பன்றிகளைத் திருடியமைக்காகச் சிறை சென்றிருக்கலாமே, ஓடிப்போய்ப் படையிற் சேர்ந்தேனே என்று குண்டு நெஞ்சிற் புகுந்த கணத்தில் இரங்கினான். சிறகு விரித்த சலவைக்கல் உருவின் கீழ், தாய்நாட்டுக்காக எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் பொறித்த கருங்கற் பீடத்தின் கீழ்க் கிடப்பதைக் காட்டிலும் மாவட்டச் சிறை ஆயிரமடங்கு மேல் என்கிறான். அத்தொடருக்குப் பொருள்தான் என்னவென்று இறுதியிற் கேட்கிறான். கேள்வியில் நையாண்டி உண்டு. ஆனால் அது முழுவதும் நையாண்டியன்று. இலத்தீன் அறியாத பன்றித் திருடன் ஒருவன் தன் கல்லறை எழுத்தைத் தானே வாசிக்க இயலாமற் கிடக்கிறான். வாசிக்க இயலாத மொழியில் ஒருவன் புகழப்படுவானாயின், அப்புகழ் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது?

தமிழ் மாணவர் இவ்விடத்து வெட்சித்திணையை நினையாதிருக்க முடியாது. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில ஆய்வில் எமது வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்புநோக்கி வழிகாட்டியபின், இத்தகைய ஒப்பீடு புதுமையுமன்று. ஆநிரை கவர்ந்து வருதலும், அதனை மீட்டலும், அவற்றின்போது மாண்டவனுக்குக் கல் நடுதலும் எமது புறத்திணையிற் சிறப்பிக்கப்பட்டவை. நிரை கவர்தலை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் எனப் புறப்பொருள் வெண்பாமாலை இரண்டாகப் பகுக்கும். முன்னையது வேந்தன் ஏவலால் நிகழ்வது. பின்னையது தானே விரும்பிச் செய்வது. இரண்டும் வெட்சியே, இரண்டுக்கும் பூ ஒன்றே. ஹோஹைமர் செய்ததும் நிரை கவர்தல்தான். அவன் கவர்ந்தவை பன்றிகள் என்பது திணை வழுவாகலாம், அதனை விட்டுவிடுவோம். தனியுடைமை முழுமை பெற்ற இலினோயில் தன்னுறு தொழில் களவாயிற்று. அதற்குப் பிடியாணை பிறந்தது. அதே இளைஞன் அதே துணிவை மன்னுறு தொழிலிற் காட்டியதும் கல்லும் சிறகும் கிடைத்தன. செயலின் தன்மையன்று, அதனை ஏவியவர் யார் என்பதே கள்வனையும் வீரனையும் பிரிக்கிறது. மாஸ்ரர்ஸ் எமது திணைநூல்களை அறியார். ஆயினும் உடைமை உறவு மாறும்போது வீரத்தின் வரைவிலக்கணமும் மாறும் என்பதை அவர் பதினைந்துக்கும் குறைந்த அடிகளில் உணர்த்திவிடுகிறார்.

அடுத்த கல்லறையில் லிடியா பக்கெற் வேறொரு காரணம் சொல்கிறாள். ட்ரெனறி சமாதான நீதவான் மூலம் பிடியாணை பெறுவதற்கு முதல்நாள் அவன் ஓடினான் என்பது மெய். ஆனால் காரணம் அதுவன்று. தான் லூசியஸ் அதேற்றனோடு திரிந்ததை அவன் கண்டான், சண்டை மூண்டது, அதன் பின்னரே பன்றிகளைத் திருடிப் போருக்குப் போனான். ஒவ்வொரு படைவீரன் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறாள் என்னும் கருத்தில் அவள் முடிக்கிறாள். திறனாய்வாளர் பலர் இம்முடிவை விரும்பி எடுத்தாள்வர். எமக்கு இது நூலின் மெலிந்த இடங்களுள் ஒன்றாகவே படுகிறது. சமூகக் காரணத்தைக் காதற் காரணத்தாற் கீழறுக்கும் இப்போக்கு, பின்னர் நாம் காட்டவிருக்கும் பெரிய குறைபாட்டின் முன்னறிவிப்பாகும்.

ஹரி வில்மன்ஸிடம் இக்குறை இல்லை. தொகுதியின் போர்க் கவிதைகளுட் சிறந்தது அதுவே. இருபத்தொரு வயது நிரம்பியதும், ஞாயிறு பாடசாலை மேற்பார்வையாளர் ஹென்றி பிப்ஸ் ஊர் அரங்கிலே ஆற்றிய உரையைக் கேட்டான். கொடியைத் தாக்குவது தகாலொக் இனக்குழுவாயினும் சரி, ஐரோப்பிய வல்லரசாயினும் சரி, அதன் மானம் காக்கப்படவேண்டும் என்பது உரையின் சாரம். கூட்டம் ஆரவாரித்தது. தந்தையின் சொல்லை மீறிப் போனவன் மணிலாவுக்கு அருகே நெல்வயற் பாசறையை அடைந்தான். ஈக்கள், நச்சு நீர், வெயில், அழுகிய உணவு, கூடாரங்களின் பின்னாலிருந்த மலக்குழியின் நாற்றம், மேகநோய், வெறுப்பு, அச்சம் என ஒரு பட்டியல் மூச்சுவிடாது நீள்கிறது. இறுதியில் ஆவி பறக்கும் சதுப்பினூடே கொடியின் பின்னால் ஓடி வயிற்றிற் குண்டுபட்டு வீழ்கிறான். இப்போது அவன் கல்லறை மேல் ஒரு கொடி பறக்கிறது. அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைகிறது. கொடி என்னும் சொல் கவிதையில் வருந்தோறும் அதன் பொருள் தேய்ந்து, ஈற்றில் ஒரு துண்டுத் துணியாக மட்டும் எஞ்சுகிறது. 1899இல் மூண்ட பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 4,200 பேரும், பிலிப்பைன்ஸ் போராளிகள் 20,000க்கு மேற்பட்டோரும், பொதுமக்கள் இரண்டு இலட்சம் வரையிலும் மாண்டனர் என மதிப்பிடுவர். ஏகாதிபத்தியப் போரொன்றை, அதற்கு ஏவப்பட்டவனின் குடலிலிருந்து பேசவைத்த அமெரிக்கக் கவிதைகள் அக்காலத்தில் அரியன.

ஆயின் கவிதையை அதன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வோர் பாதியையே படித்தவராவர். அந்த ஹென்றி பிப்ஸ் யார்? தொகுதியின் வேறோரிடத்தில் அவரே தமது கல்லறையிலிருந்து விடை தருகிறார். அவர் வண்டித் தொழிற்சாலைக்கும் உணவைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைக்கும் பெயரளவுத் தலைவர். வங்கி முதல்வரான தோமஸ் றோட்ஸினதும் அவரது குழுவினதும் கைப்பொம்மை. மகன் றோட்ஸின் மகளை மணந்தவன்; அதே வங்கியிற் காசாளன். வாரநாட்கள் பணத்திற்கும் ஞாயிறு தேவாலயத்திற்கும் எனப் பகுத்து வாழ்ந்தவர். வண்டியும் தகர உணவும்! படையொன்று நகர்வதற்கு வேண்டிய இரண்டும் இவைதாமே. 1898ஆம் ஆண்டுப் போரில் வீரருக்கு வழங்கப்பட்ட இறைச்சியைக் குறித்துத் தளபதி மைல்ஸ் எழுப்பிய குற்றச்சாட்டு அமெரிக்காவெங்கும் பெரும் பரபரப்பாகி, விசாரணைக்கும் சென்றது. பிப்ஸின் தொழிற்சாலை படைக்கு உணவு விற்றதாக மாஸ்ரர்ஸ் எங்கும் கூறவில்லை, நாமும் கூறமாட்டோம். ஆனால் மேடையில் நின்று கொடியைப் பேசிய வாயையும், வயற்பாசறையின் அழுகிய உணவையும், தகரத் தொழிற்சாலையையும் ஒரே சவக்காலையில் வைத்த கவிஞர், வாசகர் அவற்றைக் கூட்டிப் பார்க்கமாட்டார் என்று எண்ணியிருப்பாரா?

கூட்டிப் பார்க்க வேண்டிய மூன்றாவது கல்லறை புச் வெல்டியினுடையது. போர்க் கவிதைகளைப் பற்றி எழுதுவோர் இவனை விட்டுவிடுவது வழக்கம், போருக்குப் போகாதவனாயிற்றே. குடித்துத் திரிந்தவன் மனந்திரும்பி ஒழுங்கானதும் அதே தகரத் தொழிற்சாலையில் வேலை பெற்றான். பற்றாசுக் கருவிகளைச் சூடேற்றும் தீக்கு வேண்டிய பெற்றோலை நாள்தோறும் ஆட்டங்கண்ட ஏணியில் ஏறித் தாங்கியில் ஊற்றுவது அவன் பணி. ஒருநாள் தாங்கி வெடித்தது. கால்கள் இரண்டும் முறிந்தன, கண்கள் பொரிந்தன. வழக்கு நீதிமன்றம் சென்றது. தீயை அணையாது விட்டவன் உன் சகவேலையாள், ஆகவே முதலாளி பொறுப்பாளியல்லன் என நீதிபதி தீர்த்தார். குருடனாகச் சாட்சிக்கூண்டில் இருந்தவன், அந்தச் சகவேலையாளைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சகவேலையாள் விதி என்னும் இச்சட்டக் கோட்பாடு, ஆங்கில, அமெரிக்க நீதிமன்றங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முதலாளிகளுக்குக் கவசமாக இருந்தது. சட்டத்தரணியாகிய மாஸ்ரர்ஸ் அதனைத் தம் தொழிலினூடே அறிந்தவர்.

றோட்ஸ் குழுவின் பொருட்டு இரு இளைஞர் உடலிழந்தனர். ஒருவனுக்குக் கொடியுண்டு. மற்றவனுக்குக் கவிதையிற் கல்லும் இல்லை, கொடியும் இல்லை. போர்வீரர் நினைவுச்சின்னம் இறந்தோரை நினைவூட்டுவதோடு, எந்த இறப்பை நினைக்க வேண்டியதில்லை என்பதையும் கற்பிக்கிறது. இந்நாட்டு வாசகருக்குக் கல்லறைகளைப் பற்றிய பேச்சு எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆகவே இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுறுத்த விரும்புகிறோம். மகனை இழந்தவள் கல்லொன்று வேண்டுவதை மாஸ்ரர்ஸ் பழிக்கவில்லை. கல்லின் மேல் எழுதுகோலைப் பிடித்த கையையே அவர் பழிக்கிறார்.

ஜோன் வாஸனின் குரலிற் பிறிதொரு நுட்பம் உண்டு. பிரித்தானியருக்கு எதிரான விடுதலைப் போரில் யோக்டவுண் வரை நின்றவர் இவர்; பின்னர் மனைவி றெபேக்காவைத் தேடிக் கண்டு, மாட்டுவண்டியிற் ரெனெசி வழியாக இலினோய் வந்து, காடு வெட்டி, பாடசாலையும் பாலமும் அமைத்துக் குடியேறியவர். பிலிப்பைன்ஸ் மக்களோடு பொருத வில்மன்ஸுக்கு ஒரு கொடியென்றால் எனது கொடியை எடுத்துவிடுங்கள் என்கிறார். குடியேற்ற ஆட்சியை எதிர்த்த போருக்கும் குடியேற்ற ஆட்சியை நிறுவிய போருக்கும் ஒரே துணி பறக்க முடியாது என்னும் அரசியல் தெளிவு இங்கு உளது. 1904இலேயே ஏகாதிபத்திய எதிர்ப்புக் கட்டுரைகளை நூலாக்கியவர் மாஸ்ரர்ஸ் என்பதனால் இது வியப்பன்று. வாஸன் வெட்டிய காட்டில் முன்பு வாழ்ந்த செவ்விந்தியரைப் பற்றி அவர் பேசாமை வேறு விடயம். கருத்துப் போரில் தோற்ற கொட்வின் ஜேம்ஸும் வில்மன்ஸை விளித்துப் பேசுகிறான். அரசு உனக்குச் சோறாவது போட்டதே என்கிறான். அக்கவிதை சற்றுச் சொற்பெருக்கானது.

இதுகாறும் கவிஞருடன் உடன்பட்டு வந்தோம். இனி முரண்படவேண்டியுள்ளது. மணிலாவுக்குப் பொருந்தும் நையாண்டி மிஷனறி றிட்ஜுக்கும் பொருந்துமா? மாஸ்ரர்ஸ் பொருந்தும் என்றே கருதினார். எண்பது வயது ஜேக்கப் குட்பாஸ்ரர், வடக்கின் படையில் மாண்ட மகனைப் புதைக்கும்போது, அநீதியான போரில் இறந்தாயே என்று புலம்புகிறார். அக்குரலுக்குக் கவிஞர் எதிர்க்குரல் அமைக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. மறுமையில் முதியவர் தமது பார்வை விரிந்ததை ஒப்புக்கொள்கிறார். ஆனால் விரிந்த பார்வையிலும் அடிமைமுறை என்னும் சொல் இல்லை. 1931இல் வெளியிட்ட லிங்கன் வரலாற்றில் மாஸ்ரர்ஸ் தமது வெறுப்பை மறைக்கவே இல்லை. லிங்கன் அங்கே ஜெபர்சனின் உழவர் குடியரசை அழித்து, வங்கிக்கும் பெருமுதலுக்கும் வழி திறந்தவராகக் காட்டப்படுகிறார்.

இக்கருத்தின் வர்க்க அடித்தளம் வெளிப்படை. இலினோயின் சிறு நிலவுடைமையாளர், போருக்குப் பின்னர் எழுந்த இருப்புப்பாதை முதலுக்கும் வங்கிக்கும் முன் நொறுங்கினர். நொறுங்கியவரின் பேரன் தோமஸ் றோட்ஸைக் கண்டு வெறுத்தான், வெறுப்பின் ஊற்றைத் தேடிப் பின்னோக்கிச் சென்றபோது அங்கே போர் நின்றது, போரையே குற்றவாளியாக்கினான். குட்டி பூர்ஷுவாக் கலகத்தின் ஆற்றலும் எல்லையும் இதுவே. போர் பெருமுதலுக்கு வழி திறந்தது உண்மை. அதே போர் நாற்பது இலட்சம் மனிதரை விற்பனைப் பண்டம் என்னும் நிலையிலிருந்து விடுவித்ததும் உண்மை. ஒரே நிகழ்வின் இவ்விரு முகங்களையும் சேர்த்துக் காண்பதே இயக்கவியல். கார்ள் மார்க்ஸ் 1864 நவம்பரிற் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் லிங்கனுக்கு வாழ்த்து மடல் எழுதியபோது, வடக்கின் முதலாளிகள் யாரென அறியாது எழுதவில்லை. பருத்திப் பஞ்சத்தாற் பட்டினி கிடந்த லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் வடக்கின் பக்கம் நின்றதும் அறியாமையாலன்று.

இவ்வெல்லை கவிதையின் உருவத்திலேயே தெரிகிறது. 'பல போர்வீரர்' என்னும் கவிதையில் வீரர் கூட்டாகப் பேசுகின்றனர். தம்முன் ஆடிய கொடி, இசை, முன்னேற்றக் கனவு ஆகியன தம்மைச் செலுத்திய ஆற்றல் அல்ல என்கின்றனர். இதுவரை நன்று, மாயை கலைகிறது. அடுத்து, உண்மையான ஆற்றல் எது என்னும் கேள்வி எழும்போது, 'றோட்ஸ்' என்றோ 'அடிமைமுறை' என்றோ விடை வரவில்லை. பூமியின் மையத்துத் தீப்போன்ற 'வாழ்வு' என்று விடை வருகிறது. ஊஞ்சற்படுக்கை கட்டுவதற்காக மரத்தைச் சுற்றி இட்ட இரும்பு வளையத்தை, வளரும் மரம் ஒருநாள் உடைத்துவிட்டதாம். மரத்தின் எந்தக் கலமும் காரணம் அறியாதாம். உவமை அழகியது. அழகு காரணமாகவே தீங்கு விளைப்பது. பிப்ஸின் கவிதையில் ஆட்களின் பெயர்களாக நின்ற காரணங்கள் இங்கே இயற்கையாக உருமாறிவிட்டன. இயற்கைக்கு எதிராக வழக்காட எந்தச் சட்டத்தரணியாலும் ஆகாது.

அவ்விரும்பு வளையத்தைப் பற்றவைத்த கொல்லன் ஷாக் டை. தொகுதியில் அவருக்கும் ஒரு கல்லறை உண்டு. வெள்ளையரை வெள்ளையர் என்றே வெளியிலிருந்து விளித்துப் பேசும் கறுப்புக் குரல் அது. தம்மை வெள்ளையர் எவ்வாறெல்லாம் கேலிசெய்தனர் என்று கூறுகிறார்: தூண்டிலிற் பெரிய மீனை எடுத்துவிட்டுச் சிறியதை மாட்டினர், பழக்கிய சிறுத்தையைக் காட்டு விலங்கென்று நம்பவைத்தனர், நீர்ப்பீப்பாயின் அடியில் காந்தம் வைத்துக் குதிரைலாடங்களை உயிருள்ளனபோல் நகரச் செய்தனர். உங்களை நகர்த்தியது எதுவென்று நீங்களும் அறிந்திலீர் என்று முடிக்கிறார். வீரர் கூட்டின் பாடத்தையே இவரும் ஒப்பிக்கிறார்.

இங்கே நாம் லூயிஸ்ரவுன் தூண்களுக்குத் திரும்பவேண்டும். 1858 ஆகஸ்ற்றில் அவற்றின் அருகே லிங்கன் பேசிய பொருள், 1776ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் சமத்துவக் கோட்பாட்டிற்கு மீளவேண்டும் என்பதே. சவக்காலைக்கு வந்த கல் அந்த நினைவையும் சுமந்து வந்தது. மாஸ்ரர்ஸ் தமது கவிதைக்குச் சிறகு முளைத்த சலவைக்கல்லைத் தெரிந்தெடுத்தார். அதனைக் கேலிசெய்வது எளிது. தூணைத் தெரிந்திருப்பின் ஹோஹைமரின் கேள்விக்கு விடை தேடவேண்டி வந்திருக்கும்.

அதே இலினோயின் குவின்சி நகரில் 1864இற் கறுப்பினத்தவரைக் கொண்டு 29ஆம் காலாட்படையணி திரட்டப்பட்டது. ஜூலை 30ஆந் திகதி வேர்ஜீனியாவின் பீற்றேர்ஸ்பேக்கில், நிலத்தின் கீழ் வெடிவைத்துத் தோண்டப்பட்ட பெருங்குழியில் அப்படையணி பேரிழப்புக்குள்ளாயிற்று. வடக்கின் படையிற் பணிபுரிந்த கறுப்பினத்தவர் மொத்தம் ஏறத்தாழ 1,80,000 பேர். ஸ்பூன் றிவர்க் குன்றில் அவருள் ஒருவரும் பேசவில்லை. ஷாக் டை அங்கே மீனைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்.